ஒரே நாளில் பிறந்த இருபத்து மூன்று பேர்

1

இந்த ஜெர்மனியில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தநாளோ, அவரேதான் கேக் செய்து வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் தட்டோடு நிற்பார்கள். நம் ஊரில் இப்படி ஒருத்தர் செய்தால் பாவம், யாருமில்லாதவர் என்று நினைப்போம். நான் இங்கே ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நர்சு. பதினோரு ஜூன் ஒன்றாம் தேதிகளில் பதினோரு கேக் சுமந்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், ஜூன் ஒன்றாம் தேதி நான் பிறக்கவே இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், காஞ்சிபுரத்தில் கொட்டுகொட்டென்று கொட்டிய மழையில் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவாள். அதாவது நவம்பர் மூன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனபோது, ஹெட்மாஸ்டர் கல்லறையையும் கேட்கவில்லை, மழையையும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். "அஞ்சு முடிஞ்சுது" என்று ஜூன் ஒன்று எழுதிவிட்டார். கூடவே வந்த என் தம்பி தேவாவுக்குக் கை எட்டவில்லை. அடுத்த வருஷம் எட்டியது. அவனுக்கும் ஜூன் ஒன்றுதான். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே தேதி. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பிறந்தது உண்மையென்றால் அரசு ஆஸ்பத்திரி தாங்கியிருக்காது.

பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிட்டால் ஆகாது என்று இவர்களுக்கு ஒரு பயம். ஒரு மணி நேரம் முன்னதாகச் சொன்னால்கூட முகம் வெளுத்துவிடும். எனக்கு ஐந்து மாதம் முன்னதாகவே, வருஷம் தவறாமல், கைகொடுத்து வாழ்த்திவிட்டு இரண்டாவது துண்டு கேக்குக்கும் வருகிறார்கள். நான் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

2

இந்தத் தேதி என்னை ஒரே ஒரு முறைதான் மாட்டிவிட்டது. போன வருஷம் குடியுரிமைக்கு மனுப் போட்டேன். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். என் பிறப்பை யாரும் பதியவில்லை என்றேன். கவுண்டரில் இருந்த பெண்மணி, நான் இன்னும் பிறக்கவில்லை என்று சொன்னதுபோலப் பார்த்தாள். சரி, ஏதாவது ஒரு பழைய ஆவணம் கொடுங்கள் என்றாள். நான் கெட்டிக்காரி அல்லவா, ஊர்க் கோயில் சாமியாருக்கு எழுதி ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை வரவழைத்துக் கொடுத்தேன்.

அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். நகலைப் பார்த்தாள். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"இதன்படி நீங்கள் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பாகவே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறீர்கள்" என்றாள்.

எங்கள் வீட்டார் ரொம்ப பக்தியானவர்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் மனுக்கோப்பை மூடி ஒரு அலமாரித் தட்டில் வைத்தாள். அது இன்றுவரை அந்தத் தட்டில்தான் தூங்குகிறது. அதிலிருந்து, வெளியே யாரிடமும் தேதியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். இந்தக் குறிப்பை நீங்கள் படிக்கும்போது அந்தச் சபதம் என்ன கதியானது என்று தெரிந்துவிடும்.

3

எனக்கு ஒரே மகள். ஜெனி. பதினொரு வயது. இவள் பிறந்தது மட்டும் பதிவேட்டில் மணி, நிமிஷத்தோடு இருக்கிறது. டிசம்பர் இருபத்தொன்பது. அதுதான் எங்களுக்கு வந்த தலைவலி.

ஜெனிக்குக் கால்பந்து என்றால் உயிர். தமிழ் என்றால் சாப்பாடும் திட்டும்தான். "தோசை", "போதும்", "சனியனே" மூன்றும் சுத்தமாக வரும். மற்றதெல்லாம் ஜெர்மன். மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் "உதைடி! உதைடி!" என்று கத்தினால், பக்கத்தில் நிற்கிற தாய்மார்கள் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். "அம்மா, நீ கத்தினால் கொலை நடக்கிறது மாதிரி இருக்கிறது. வீட்டிலேயே இரு" என்று ஜெனி ஜெர்மனில் சொல்கிறாள். என் வீட்டுக்காரர் அந்தோணி கிரிக்கெட் ஆசாமி. விக்கெட் எப்போது விழும் என்று காத்துக்கொண்டு மைதானத்திலேயே தூங்கிவிடுவார். ஆகவே நான்தான் போகிறேன், நான்தான் கத்துகிறேன்.

இங்கே ஒரே வருஷத்தில் பிறந்த பிள்ளைகளெல்லாம் ஒரே பிரிவு. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பர் கடைசியில் பிறந்தவளும் ஒரே தராசில். எங்கள் கிளப்பின் நட்சத்திரம் லேனா என்ற பெண், ஜனவரி நான்காம் தேதிக்காரி. ஜெனியைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவள். இவள் நெற்றி அவள் தோளுக்கு வரும். ஜெனி மூன்று நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் அடுத்த பிரிவில் எல்லோரையும்விட மூத்தவளாக இருந்திருப்பாள். அவசரம் யாருக்கு என்று கேட்காதீர்கள். பிரசவ அறையில் நான்தான் சீக்கிரம் முடியுங்கள் என்று கத்தினேன்.

இந்த வசந்தத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு நடந்தது. ஜெனியின் தாளில் "ஆட்டம் நன்று, உடல் வளர்ச்சி போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து கதவு நிலையில் பென்சிலால் தன் உயரத்தைக் குறித்தாள். மறுநாள் மறுபடியும் குறித்தாள். நான்காம் நாள் பார்த்தபோது பழைய கோட்டின் மேலேயே நான்கு கோடு இருந்தது.

4

கிளப்பின் பயிற்சியாளர் ஊவே. ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முன்னால் என்ன வேலை தெரியுமா? பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நாற்பது வருஷம். அவரிடம் யாரும் பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டியதில்லை, தேதி சொன்னால் போதும். "ஆ, ஏப்ரல் பன்னிரண்டு வந்துவிட்டாள்" என்பார்.

அவருக்கு ஒரு கொள்கை. ஒரு வட்டாரத்தில் பிள்ளைகளின் கால்பந்து பலம் எவ்வளவு என்று எடைபோடப் பந்தைப் பார்க்க வேண்டாம், பிறந்த மாதங்களைப் பார் என்பார். தேர்ந்தெடுத்த பிள்ளைகள் எல்லோரும் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் என்றால், தேர்வாளர்கள் உயரத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் பரவலாக வந்தால், அங்கே நிஜமாகவே திறமையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் பட்டியலில் ஜனவரியும் பிப்ரவரியும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. டிசம்பர் வெறிச்சோடிக் கிடக்கிறது. வருஷக் கடைசியில் பிறந்தவர்களுக்கு இரண்டாவது தேர்வு ஒன்று வைக்க வேண்டும் என்று மாவட்டக் கமிட்டியிடம் கேட்கப்போவதாகச் சொன்னார். வைத்தால் ஜெனிக்கு இன்னொரு வாய்ப்பு. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன்.

ஜூன் ஒன்றாம் தேதி மாலை, ஆஸ்பத்திரியில் மிஞ்சிய கேக்கை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஊவே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மேரி, உன் ஊர்ப் பக்கம் பிள்ளைகள் எப்படி? பலமா?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் வெளிநாட்டில் ஒருத்தர் நம் ஊரைப் பற்றிக் கேட்டால் வாய் தானாக ஓடுகிறது. "பலமா? எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு அணி. என் தம்பி பி.டி. மாஸ்டர். பாலாற்று மணலில் பயிற்சி. மணலில் ஓடிய கால் புல்லில் பறக்கும்" என்றேன். ஊவேயின் கண் விரிந்தது.

"பட்டியல் கிடைக்குமா? பிறந்த தேதியோடு?"

"தாராளமாக" என்றேன். வாயால் கெட்டேன்.

மறுநாள் தேவாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாக்கா, நேத்து பர்த்டே விஷ் பண்ணலன்னு கோவமா? ரெண்டு பேருக்கும் ஒரே நாளு. நான் உனுக்குச் சொன்னா நீ எனுக்குச் சொல்லணும். அதான் கம்முனு உட்டுட்டேன்."

"அத உடுடா. உன் புட்பால் பசங்க லிஸ்டு வேணும். பேரு, ஊரு, பொறந்த தேதி, எந்தக் கால்ல ஒதைக்கிறாங்க, எவ்ளோ பலம். இங்க ஒரு கோச் கேக்குறாரு. நம்ம ஏரியா எப்டி இருக்குதுன்னு எடை போடணுமாம்."

"ஜெர்மன்காரனா? வேர்ல்டு கப் அடிச்சவன் நம்மள எடை போடறானா? நீ இன்னா சொல்லி வெச்ச?"

"சூப்பரா ஆடுவாங்கன்னு சொன்னேன்."

"யாரு?"

"உன் பசங்கதான்டா."

"சரிக்கா" என்றான் கடைசியில். "சொன்னது சொல்லிட்ட. மானத்த காப்பாத்திக்கினு அனுப்பறேன்."

5

ஒரு வாரத்தில் ஆங்கில எழுத்தில் பட்டியல் வந்தது. நான் தொடர்ந்து வேலை பார்த்துக் களைத்திருந்த நேரம். திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே ஊவேக்குத் தட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"மேரி, செப்டம்பர் தொடக்கத்தில் உங்கள் ஊரில் என்ன நடக்கும்?"

"எதற்கு?"

"இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்து மூன்று பேரும் ஜூன் ஒன்று. ஒன்பது மாதம் பின்னால் போனால் செப்டம்பர். ஏதாவது பெரிய விழாவா?"

செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் வீட்டார் காவி உடுத்தி, விரதமிருந்து, வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். அவர் நினைப்பதற்கு அதைவிடப் பொருந்தாத காலம் கிடையாது. இதையெல்லாம் ஜெர்மனில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. "மழை... சில வருஷம்" என்றேன். அவர் "மழை" என்று எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இன்னொரு சந்தேகம். பலம் என்ற இடத்தில் நான்கு வகை போட்டிருக்கிறது. சுமார், நல்லா, செம, கேக்காத. இதில் நான்காவது உச்சமா, அடிமட்டமா?"

"ஆளைப் பொறுத்தது" என்று வைத்துவிட்டுத் தேவாவைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு போட்டிருக்கியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

"தேதியெல்லாம் ஆபீஸ் ரூம் ரிஜிஸ்டர்ல இருக்குதுக்கா. கிளார்க்குக்கும் எனுக்கும் பொங்கல்லேர்ந்து பேச்சுவார்த்த இல்ல. ஒரு டேபிள் பேன் மேட்டரு. அவன்கிட்ட போயி நான் நிக்கணுமா?"

"அதுக்குன்னு?"

"நமக்கு அப்டிதான போட்டாங்க? நாம இன்னா கெட்டுப் போயிட்டோம்? நீ ஜெர்மனில இருக்குற, நான் மாஸ்டரா இருக்குறேன். ராசியான தேதிக்கா."

அன்றே ஊவேயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறப்புப் பதிவில் நாற்பது வருஷம் இருந்த மனிதரிடம் போய், எங்கள் ஊரில் தேதி என்பது ஹெட்மாஸ்டர் மனசு என்று எப்படிச் சொல்வேன்? கவுண்டரில் தூங்குகிற என் கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண்மணியும் அவரும் பழைய சிநேகிதர்களாக இருந்து தொலைத்தால்? அவர் பட்டியலைச் சும்மா ஒரு ஓரத்தில் வைத்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இருந்துவிட்டேன்.

6

ஓரத்தில் வைக்கவில்லை. முதலில் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளப் கட்டடத்தில் கமிட்டிக் கூட்டம். மாவட்டத்திலிருந்து தேர்வாளர் பிரிகிட்டே வந்திருந்தார். ஒல்லியான, கண்டிப்பான அம்மாள். இரண்டாவது தேர்வு வைப்பதா வேண்டாமா என்பது அவர் கையில். பெற்றோர் சார்பில் நான் ஒரு மூலையில் மசால் வடையோடு உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியே பார்த்தால் வெளியே ஜெனி தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஊவே திரையில் முதல் படத்தைப் போட்டார். "காஞ்சிபுரம். இந்தியா. வலிமையான வட்டாரம்" என்று பெரிய எழுத்து. கீழே பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டம். பதினொன்று காலி. ஜூன் மட்டும் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. ஜனவரிப் பிள்ளை ஒன்றுகூட இல்லாமல் ஒரு வட்டாரம் பலமாக இருக்க முடியும் என்பதற்கு இதுதான் அவருடைய சாட்சி.

பிரிகிட்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஊவே, இது கால்பந்து அணியா, ஒரே பிரசவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊவேயின் காது சிவந்தது. பருவமழை, தட்பவெப்பம் என்று ஏதோ ஆரம்பித்தார். பிரிகிட்டே தன் கோப்பை மூடிவிட்டார். "இந்தக் கணக்கை நம்பி நான் இன்னொரு தேர்வு வைக்க முடியாது. மன்னிக்க வேண்டும்."

சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வாய்க்கொழுப்பால் அந்தப் பிள்ளையின் வாய்ப்பு போகிறது. எழுந்து நின்றேன்.

"தப்பு ஊவேயுடையது இல்லை. என் தம்பி..." என்று ஆரம்பித்தேன். பதற்றத்தில் ஜெர்மன் காலை வாரிவிட்டது. 'என் தம்பிதான் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று போட்டான்' என்று சொல்ல நினைத்தேன். 'என் தம்பிதான் இருபத்து மூன்று பேரையும் ஜூன் ஒன்றாம் தேதி பெற்றெடுத்தான்' என்று சொல்லிவிட்டேன்.

கிளப்பின் பொருளாளர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். கிளார்க், டேபிள் பேன், ஹெட்மாஸ்டர், நவம்பர் மூன்று, பிறப்பதற்கு முன் ஞானஸ்நானம், ஒன்று விடவில்லை. என் கோப்பு எந்தத் தட்டில் தூங்குகிறது என்பதுவரை சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் மூச்சு இலேசானது. ஊவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதைத் தொட்டால் ஐந்து வயதா?" என்றார் மெதுவாக.

செய்து காட்டினேன். நாற்பது வருஷம் பிறப்புகளைப் பதிந்த மனிதர் தன் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைப் பிடித்துப் பார்த்தார். பிரிகிட்டேவும் பிடித்துப் பார்த்தார். அந்த அறையில் கமிட்டி முழுவதும் தலைக்கு மேலே கையோடு நின்றது. பொருளாளர் உடம்பு பெருத்தவர். அவருக்கு எட்டவில்லை.

"இவருக்கு நான்கு வயதுதான்" என்றார் பிரிகிட்டே. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சரி, தேதியே இல்லாமல் உங்கள் ஊரில் யார் பலம், யார் பலமில்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

எனக்கு என்ன தெரியும்? போனை எடுத்துத் தேவாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் மூன்று மணி. பனியன்கூட இல்லாமல் பாயில் படுத்திருந்தான்.

"சட்டையப் போடுடா! கமிட்டி பாக்குது!"

திரை ஆடியது. ஒரு நிமிஷத்தில் விசில் சகிதம் உட்கார்ந்தான். நான் கேள்வியைச் சொன்னேன்.

"இது ஒரு கேள்வியாக்கா? உத்தி பிரிப்போம்."

"அதச் சொல்லுடா, நான் மொழிபெயர்க்கறேன்."

"ரெண்டு கேப்டன் நிப்பானுங்க. மத்தவங்க எல்லாம் தனக்குச் சமமான ஆளத் தானே தேடிக்கணும். தோள்ல கை போட்டுக்கினு ரெண்டு பேரும் அந்தாண்ட போயி ஆளுக்கு ஒரு ரகசியப் பேரு வெச்சிக்கினு வரணும். கேப்டன்கிட்ட வந்து சிங்கம் வேணுமா, புலி வேணுமான்னு கேக்கணும். சிங்கம்னா சிங்கத்த எடுத்துக்குவான். புலி அடுத்த டீமு. ரெண்டு டீமும் சமம்."

"யாராவது ஏமாத்தினால்?" என்றார் பிரிகிட்டே. "சின்னவள் ஒருத்தி போய்ப் பெரிய ஆட்டக்காரியைப் பிடித்துக்கொண்டால்?"

"சுத்தி நிக்கறவங்க 'ஓ'ன்னு கத்துவாங்க மேடம். பசங்களுக்குத் தெரியும், யாரு யாருக்குச் சமம்னு. நமக்குத் தெரியாது. கூரத்துலேர்ந்து ஒரு பையன் வர்றான், என் இடுப்பு உயரம்தான். எங்க கோல்கீப்பர் ரிஸ்வானா ஏனாத்தூர்லேர்ந்து சைக்கிள்ல வருது. அது யாரோட ஜோடி போடும் தெரியுமா? அந்தப் பையனோடதான். ஒருத்தரும் கத்தல."

ஊவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படியென்றால், ஒரு வட்டாரம் பலமா இல்லையா என்று எப்படிச் சொல்வீர்கள்?"

தேவா விசிலைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "ஜோடி கெடைக்காம ஒருத்தன் தனியா நின்னான்னா ஏரியா வீக்கு சார். அவன் எவ்ளோ பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் வீக்குதான். எல்லாருக்கும் சமமா ஒரு ஆளு கெடைச்சா ஏரியா ஸ்ட்ராங்கு."

இதை நான் ஜெர்மனில் சொன்னதும் ஊவே தன் திரையை அணைத்துவிட்டார். பன்னிரண்டு கட்டமும் போய்விட்டன. "எங்கள் லேனாவுக்கு ஜோடி கிடையாது" என்றார் கொஞ்சம் வருத்தத்தோடு. "மூன்று வருஷமாக."

"சார், செவுத்துல தொங்குதே, அது இன்னா பேடு? விலை இன்னா இருக்கும்?" என்றான் தேவா, சுவரில் மாட்டியிருந்த கால் கவசத்தைப் பார்த்து. "எங்க பசங்க ஜக்கார்டு அட்டைய மடிச்சிக் கட்டிக்கினு ஆடறானுங்க. பட்டுல டிசைன் போடுமே, அந்த ஓட்ட போட்ட அட்ட. காத்து நல்லா வரும்." அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் பிரிகிட்டே எழுந்துவிட்டார்.

"நான் நேரில் பார்க்க வேண்டும்" என்றார்.

7

பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் மைதானத்தில் கூடினார்கள். இரண்டு பேரைக் கேப்டனாக நிறுத்திவிட்டு, ஊவே விதிகளைச் சொன்னார். 'ஓ' போடுவதை மட்டும் மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது.

முதல் ஜோடி போனது. சத்தமில்லை. இரண்டாவது ஜோடியில் ஒரு குட்டிப் பெண் வேகமாக ஓடுகிற ஒருத்தியின் கையைப் பிடித்தாள். "ஓ…" என்று மைதானமே அலறியது. கையை விட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனாள். மூன்றாவது ஜோடிக்கும் ஒரு "ஓ". பிரிகிட்டே கையில் பேனாவோடு நின்றார். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்தேன்.

லேனா நடுவில் தனியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவள் பக்கம் போகவில்லை. அவளுக்கு அது பழக்கம் போலிருந்தது. பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஜெனி எங்கே என்று தேடினேன். அவள் உயரத்துக்கு ஒத்த இரண்டு பெண்கள் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்தியோடு போ, போ என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் அவர்களைத் தாண்டி நடந்தாள். நேராக லேனாவிடம் போனாள்.

ஐயோ, வேண்டாம்டி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால், அந்தத் தேர்வாளர் முன்னால், ஊரே கூடி ஓ போடப்போகிறது. வீட்டுக்குப் போய் மறுபடியும் அந்தக் கதவு நிலையில் போய் நிற்பாள். என்னால் அதைப் பார்க்க முடியாது.

ஜெனி எக்கி லேனாவின் தோளில் கையைப் போட்டாள். பாதி தோள்தான் எட்டியது.

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு கார் போனது. கண்ணைத் திறந்தேன். இருபது பெண்களும் வாயை மூடிக்கொண்டு அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ஓ வாங்கிய குட்டிப் பெண், ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். லேனா கொஞ்சம் குனிந்து ஜெனியின் தோளில் கையைப் போட்டாள். இருவரும் ரகசியம் பேசக் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். போகும்போது லேனா சிரித்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து ஜெனி கேப்டனிடம் கேட்டாள். "இட்லி வேண்டுமா, பிரெட்செல் வேண்டுமா?" பிரெட்செல் என்றால் இவர்களுடைய முறுக்கிய ரொட்டி.

கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்பப் புத்திசாலித்தனமாக "பிரெட்செல்" என்றாள், லேனா கிடைப்பாள் என்று. ஜெனி அந்தப் பக்கம் போய் நின்றாள். இட்லி லேனா.

பிரிகிட்டே அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்து தாளைக் காட்டினார். மாவட்ட அணிப் பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் புதிதாக இருந்தது. "எழுத்து சரியா?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். உண்மையில் ஒன்றுமே தெரியவில்லை. கண் முழுவதும் தண்ணீர்.

ஓரமாகப் போய்ப் போனைப் பார்த்தேன். தேவா இன்னும் இணைப்பில்தான் இருந்தான். சட்டையைக் கழற்றிவிட்டிருந்தான்.

"இன்னாக்கா ஆச்சு? ஜெனி யாரோட ஜோடி போட்டுச்சு?"

"லேனாவோட. இங்க இருக்கறதுலயே பெரிய ஆட்டக்காரி."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "ஓ போட்டாங்களா?"

"போடலடா" என்றேன். "ஒருத்தரும் போடல."